ராத்தாவின் கிணற்றில் சிவப்பு மண்

எங்கள் ஊரில் தேநீர் குடித்துப் பழகியவர்களுக்கு வெளியூர்த் தேநீரில் எப்போதும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். குறைவது உப்பு. மதுரங்குளிக்கும் கடல்நீர் ஏறும் களப்புக்கும் இடையில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் கரிக்கும். சில வீட்டு வளவுகளில் கொஞ்சம், சில வளவுகளில் வாயில் வைக்கவே முடியாது. வெளியூர்ச் சம்பந்திகள் முதல் மிடறு குடித்துவிட்டு, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழிப்பதைப் பார்ப்பது சின்ன வயதிலிருந்தே எனக்கொரு பொழுதுபோக்கு.

இந்த ஊரில் நல்ல தண்ணீர் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. என் அக்காவான ராத்தாவின் வளவின் பின்மூலையில், கட்டின் அடிவாரத்தில்.

கட்டு என்றால் வெள்ளத்தை மறிக்கும் மண் கட்டு. கிழக்கே காட்டுப் பக்கம் பெய்கிற மழையெல்லாம் ஒரு காலத்தில் நேராக ஊருக்குள் வந்து, வீடு வீடாக ஏறி நலம் விசாரித்துவிட்டுத்தான் களப்புக்குப் போகுமாம். அதைத் தடுக்க நான் பிறப்பதற்கு முன்பே சிவப்புக் கிறவல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, இறுக்கி, இந்தக் கட்டைப் போட்டிருக்கிறார்கள். மாரியில் அந்தப் பக்கம் தண்ணீர் ஏறி மாதக்கணக்கில் நிற்கும். மிஞ்சியது ஓரத்தில் வான் என்கிற வழிந்தோடி வழியாக வாய்க்காலில் இறங்கிப் போகும். கட்டின் மேல் ஆடு மேயும், பிள்ளைகள் சைக்கிள் ஓடுவார்கள், கலியாண மாப்பிள்ளையும் பெண்ணும் படம் பிடிக்க ஏறி நிற்பார்கள். அது உறுதியாக இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. எப்போதும் இருக்கிற ஒன்றைப் பற்றி அப்படிக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

எனக்குத் தோன்றும். அது என் வியாதி. தையல் மெசினை வாங்கிய அன்றே கழற்றிப் பார்த்தவள் நான். மையத்து வீட்டுக்குப் போனாலும் கபுறுக் குழி எத்தனை அடி என்று கேட்டுவிட்டுத்தான் இவள் அழுவாள் என்று ராத்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிப்பதில் எனக்குக் கோபமில்லை. உண்மையாகவே நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

ராத்தா அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது பின்மூலையில் கிணறு இல்லை. ஒரு ஈரத் திட்டு மட்டும் இருந்தது. ஊரே காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் அங்கே கங்குன் கீரை பச்சையாகப் படர்ந்திருக்கும். அவள் அதைப் பறித்துச் சுண்டுவாள், அவ்வளவுதான். அவள் புருஷன், என் மச்சான், கத்தாரில். வீட்டில் அவளும் ஒரே மகனும். அந்த மகன் பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிளில் புத்தளத்துக்குப் போனவன், பெரிய ரோட்டில் லொறியில் அடிபட்டு மவுத்தாகிவிட்டான். காலையில் என்னிடம் வந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு போன பிள்ளை.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் ராத்தா மண்வெட்டியோடு அந்த ஈரத் திட்டில் நின்றாள். மகன் பேரில் ஒரு சதகா செய்யப் போகிறேன் என்றாள். மவுத்தானவர் பேரில் கிணறு வெட்டி விட்டால், அதில் ஆட்கள் தண்ணீர் குடிக்கும் காலமெல்லாம் நன்மை அவருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. ஆள் பிடித்துத் தோண்டினாள். இடுப்பளவு போவதற்குள் தண்ணீர் வந்தது. ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் இளநீர் மாதிரி இனித்தது.

சிமெந்து வளையம் இறக்கி, கயிறும் வாளியும் கட்டி, யாரும் கேட்காமல் வந்து அள்ளட்டும் என்று வேலியில் ஒரு ஆள் நுழையும் வழி விட்டாள். பிறகென்ன, ஊரே அங்கேதான். கேனோடும் போத்தலோடும் காலையிலிருந்து வரிசை. நோன்பு வந்தால் பள்ளிவாசல் கஞ்சிக்கும் அந்தத் தண்ணீர்தான். குடிக்கிற ஒவ்வொருவரும் அவன் பேரைச் சொல்லி, அல்லாஹ் அவனுக்குச் சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும் என்று துஆச் செய்துவிட்டுப் போவார்கள். சின்னப் பிள்ளைகள் அவன் பேரோடு, அண்ணன் என்கிற அர்த்தத்தில் நானா சேர்த்து, இன்ன நானாட கிணறு என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள். சாப்பிடாமல் கொள்ளாமல் கிடந்த ராத்தா மெல்ல மெல்ல எழும்பி நடமாடத் தொடங்கினாள்.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி போகவில்லை. அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி என் கிணறு உப்பு. ராத்தாவின் முன்வளவிலிருக்கும் பழைய கிணறும் உப்பு. இது மட்டும் எப்படி இனிக்கிறது? கேட்டால் அல்லாஹ்வின் பரக்கத் என்பாள். பரக்கத்தும் ஏதாவது ஒரு வழியாகத்தானே வரவேண்டும் என்பேன். வாயைக் கழுவு என்பாள்.

வழி எதுவென்று நானே பார்க்கத் தொடங்கினேன். பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. தைத்துக் கழுத்து வலித்தால் பின்னேரம் கட்டின் மேல் ஏறி நடப்பேன், இறங்கும்போது கிணற்றையும் எட்டிப் பார்ப்பேன். கட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏறினால் இந்தப் பக்கம் கிணறும் ஏறியது. அங்கே வற்றினால் இங்கேயும் இறங்கியது. அந்தப் பக்கத்து மழைத் தண்ணீர்தான் கட்டின் வயிற்றுக்குள்ளால் ஊறி இங்கே வருகிறது என்று எனக்குப் புரிந்தபோது பெரிய திருட்டைக் கண்டுபிடித்த சந்தோஷம். மழைத் தண்ணீர் என்றால் உப்பிருக்காதுதானே. ராத்தாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். சரி, அல்லாஹ் மழையை அனுப்பி, கட்டுக்குள்ளால் வடித்து என் மகனுடைய கிணற்றில் ஊற்றுகிறான், அதைத்தானே நானும் சொன்னேன் என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

போன நோன்புக்கு முன்னால், கிணற்றில் தண்ணீர் போதவில்லை என்று ஊர்க்காரர்கள் கூடி அதை இன்னும் ஆழமாக்கினார்கள். சும்மா ஆழமில்லை, கட்டுப் பக்கமாகச் சாய்த்துத் தோண்டினார்கள். தண்ணீர் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது என்று எல்லாருக்கும் சொல்லி வைத்தது நான்தானே. மாஷா அல்லாஹ், ஊற்று பீறிட்டது. வேறு ஊரில் அணையின் காலடியில் தண்ணீர் கசிந்தால் ஆட்கள் பயப்படுவார்களாம். உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாங்கள் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினோம், துவாரம் போதாது என்று பெரிதாக்கியும் விட்டோம்.

மாரி பிறந்தது. மழை விட்டபாடில்லை. கட்டின் அந்தப் பக்கம் நான் ஒருநாளும் காணாத உயரத்துக்குத் தண்ணீர் ஏறி நின்றது. ராத்தாவின் கிணறு வளையத்துக்கு மேலால் வழிந்தது. அள்ளத் தேவையில்லை, சாய்த்துப் பிடித்தால் போதும் என்று பெண்கள் மகிழ்ந்தார்கள். நானும் ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வந்து அடுப்பங்கரையில் வைத்தேன். மறுநாள் தேநீர் போட எடுத்தபோது போத்தலின் அடியில் ஒரு விரல் மொத்தத்துக்குப் படிவு.

மழைக்குக் கிணறு கலங்குவது வழமை. ஆனால் எங்கள் வளவு மண் வெள்ளை மணல். ராத்தாவின் வளவும் அதேதான். போத்தலில் படிந்திருந்தது சிவப்பு. கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். சிவப்புக் கிறவல் ஊரில் வேறெங்கும் கிடையாது, கட்டில் மட்டும்தான் இருக்கிறது. கட்டுக்குள்ளால் வருகிற தண்ணீர் இப்போது கட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் அதைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தோம்.

போத்தலோடு ராத்தாவிடம் போனேன். நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போய் உத்தியோகத்தர் யாரையாவது கூட்டி வருவோம் என்றேன். வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். மூடச் சொல்லலாம் என்றேன். அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருக்கும்.

“கபுறுல கெடக்கிறவனுக்குப் போற நன்மைய அடைச்சுப் போடு எண்டு சொல்ல வந்தியா?” என்றாள்.

நீ சரியென்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் போகத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டே போனேன். அவளுக்குத் தெரியாமல் செய்ய எனக்கு விருப்பமில்லை. வழியெல்லாம் எனக்கு அவள்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம்.

நீர்ப்பாசனக் கந்தோரில் இருந்தவர் ஓர் இளம் சிங்கள உத்தியோகத்தர். சிலாபத்தில் சில வருடம் கார்மென்ட் தொழிற்சாலையில் வேலை செய்ததில் எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஊர்ப் பெண்ணொருத்தி கிணற்றைப் பற்றி முறையிட வந்திருக்கிறாள் என்று அரைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தவர், போத்தலை மேசையில் வைத்ததும் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீயை அப்படியே வைத்துவிட்டார்.

என் கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார். அவரை எனக்கு அதனாலேயே பிடித்துப் போயிற்று. மண் கட்டு என்றால் எல்லாமே கசியும் என்றார். கசிவது தெளிந்து வருகிறவரை பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம். வெளியே தண்ணீர் வருகிற இடத்தில் முதலில் மண் போகும். பிறகு அதற்குப் பின்னாலுள்ள மண். அப்படியே ஒரு குழாய், வெளியிலிருந்து உள்நோக்கி, தண்ணீர் நிற்கும் பக்கத்தைத் தேடி வளர்ந்து போகும். அது போய்த் தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய நேரமிருக்காது. தண்ணீர் முன்னால் வர, ஓட்டை பின்னால் போகிறது. எனக்குப் பயம் வருவதற்கு முன் ஆச்சரியம்தான் வந்தது. பஸ்ஸில் வரும்போதுதான், அந்த ஓட்டை இப்போது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்ற யோசனை வந்தது.

அவர் மறுநாள் காலையிலேயே வந்தார். அதற்குள் செய்தி பரவி, பள்ளிவாசல் நிர்வாகத்தில் சிலர் களிமண்ணும் சிமெந்தும் கொண்டுவந்து கிணற்றை அடைக்கத் தயாராக நின்றார்கள். கிணற்றடியில் வெள்ளை மணலைத் துளைத்துக்கொண்டு சின்னச் சின்னக் குமிழிகளாகத் தண்ணீர் கிளம்பியது. ஒவ்வொரு குமிழியைச் சுற்றியும் நண்டுப் புற்று மாதிரி சிவப்பு மண் குவிந்திருந்தது. நேற்று அவை இருக்கவில்லை.

உத்தியோகத்தர் முதலில் சிமெந்துக்காரர்களை நிறுத்தினார். அடைக்கக் கூடாது என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் பிழையாக மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். நானும் திரும்பக் கேட்டேன். அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு இடம் தேடும், அது எங்கே என்று நமக்குத் தெரியாது என்றார். தண்ணீரைப் போக விடவேண்டும், மண்ணை மட்டும் போக விடாமல் பிடிக்கவேண்டும். அதற்குக் கிணற்றுக்குள் முதலில் பருமணல், அதன்மேல் சின்னக் கல், அதன்மேல் பெரிய கல் என்று நிரப்பவேண்டும். தண்ணீர் கல்லுக்குள்ளால் ஏறி வந்துவிடும், மணலில் மண் தங்கிவிடும். பிளேன்டீ வடிகட்டுகிற வடியைப் போல என்று நான் ஆட்களுக்கு விளக்கினேன். அது உடனே எல்லாருக்கும் புரிந்தது.

எப்படிச் செய்தாலும் கிணறு இல்லாமல் போகும். ராத்தா கிணற்று வளையத்தில் உட்கார்ந்திருந்தாள். தொழுகைக்குப் போட்ட துப்பட்டியைக் கூடக் கழற்றவில்லை. யாருக்கும் அவளை எழும்பச் சொல்லத் தைரியமில்லை. உத்தியோகத்தர் மழையில் நனைந்துகொண்டு நின்றார். அந்தக் கிணறு என்னவென்று அவரிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

ராத்தா என்னைப் பார்க்காமல், அவரிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொன்னாள். கல் நிரப்பி மூடினால் கட்டு நிற்குமா என்பது ஒன்று. நிற்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, மூடாவிட்டால் இந்தத் தண்ணீரைத் தாங்காது என்பதை மட்டும் சொல்ல முடியும் என்றார். நான் அதை அப்படியே சொன்னேன். உடைந்தால் யாருடைய வீடு போகும் என்பது மற்றது. அவர் திரும்பி நின்று கையைக் காட்டினார். முதலில் இந்த வீடு. அடுத்தது பிள்ளைகள் ஓதுகிற மத்ரஸா. அதற்குப் பிறகு தாழ்வில் வரிசையாக இருக்கும் வீடுகள். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களுக்குக் காணி கொடுத்த இடம் அது. அங்கேயிருந்துதான் காலையில் முதல் கேன்கள் வரும்.

ராத்தா அந்த வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி, கயிற்றிலிருந்து வாளியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“பிஸ்மி சொல்லிப் போடச் சொல்லு,” என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

டிப்பர் சேற்றில் வராது. லேண்ட்மாஸ்டர் உழவு வண்டியிலும் தள்ளுவண்டியிலும் கடகப் பெட்டியிலும் மணலும் கல்லும் வந்தன. சிமெந்தோடு நின்றவர்கள்தான் அதிகமாகச் சுமந்தார்கள். உத்தியோகத்தர் மணலை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்து, இது சரி, இது மெலிது என்று பிரித்தார். நான் என் போத்தலோடு குந்தியிருந்து, கல் இடுக்கால் ஏறி வரும் தண்ணீரைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். முதலில் சிவப்பு. பகல் லுஹர் தொழுதுவிட்டு ஆட்கள் திரும்பி வந்தபோது வெளிர்ச் சிவப்பு. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது போத்தலுக்கு அந்தப் பக்கம் என் கைரேகை தெரிந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அந்தப் போத்தல் தண்ணீரைப் போல எதுவும் என்னைச் சந்தோஷப்படுத்தவில்லை. அதே நேரம் ராத்தா சாத்திய கதவையும் பார்த்தேன்.

கட்டு நின்றது. மழை இன்னும் பெய்தது, தண்ணீர் வான் பாய்ந்தது, பிறகு மெல்ல இறங்கியது. கந்தோரிலிருந்து ஆட்கள் வந்து கட்டின் அடி நெடுகக் கல் நிரப்பிய வடிகான் வெட்டி, கசிகிற தண்ணீரை ஒரு குழாயில் சேர்த்து வாய்க்காலில் விட்டார்கள். கட்டுக்குக் கிட்ட இனி யாரும் தோண்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேலியில் விட்டிருந்த வழி அடைபட்டது. சந்தியில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெசின் ஒன்று வந்தது. காசைப் போட்டால் கேன் நிறையும். அந்தத் தண்ணீரும் இனிப்புத்தான். மெசினுக்கு யாரும் துஆச் செய்வதில்லை.

ராத்தா என்னோடு பேசத் தொடங்கக் கொஞ்ச நாளானது. பேசினாலும் கிணற்றைப் பற்றிப் பேசவில்லை. அது அவளுக்குள் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. என் வியாதி அப்படி. ஆனால் கேட்கப் பயமாகவும் இருந்தது. மௌலவியிடம் போய்க் கேட்டு வைத்தேன். ஊரைக் காப்பாற்றுவதற்காக விட்டுக்கொடுத்தது, அதன் நன்மை குறையாது, கூடத்தான் செய்யும் என்றார். அதை ஒரு மருந்துபோல எடுத்துக்கொண்டு ஒரு பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன்.

பின்வாசலில் கதிரையைப் போட்டு, கல் குவியலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மௌலவி சொன்னதைச் சொன்னேன். மத்ரஸாப் பிள்ளைகளைச் சொன்னேன், தாழ்வில் இருக்கும் வீடுகளைச் சொன்னேன். அத்தனை பேரும் நிம்மதியாகத் தூங்குகிறார்களே, அதெல்லாம் அவன் கணக்கில்தானே என்றேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

“நன்மையில எனக்குச் சந்தேகமில்லடி. அல்லாஹ்ட கிட்ட அது இரிக்கும்,” என்றாள். “காலையில வேலிக்கங்கால நிண்டு புள்ளைகள் அவன்ட பேரச் சொல்லித்தானே கூப்பிடுவாங்க. நான் உள்ளுக்க இருந்து கேட்டுக்கிட்டே இருப்பன். இப்ப அவன்ட பேரச் சொல்ல ஆருமே வாரல்ல.”

நான் அவன் பேரைச் சொன்னேன். என் கையால் பொத்தான் தைத்துக்கொடுத்த பிள்ளையின் பேரை, அந்தப் பிள்ளைகள் கூப்பிடுவது மாதிரியே, பின்னால் நானா சேர்த்து, வேலிக்கு அப்பால் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

ராத்தா திரும்பிப் பார்க்கவில்லை.

“இன்னொரு தரம் சொல்லு,” என்றாள்.